லைன் கிளியர் வாங்கியாச்சா?

"லைன் கிளியர் வாங்கியாச்சா?"

பதினைந்து நாளைக்கு ஒருமுறை என் மனைவி இந்தக் கேள்வியைக் கேட்பாள். கூடத்தில் முக்காலி போட்டு, ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நான் பின்னால் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றேன். கம்பத்தில் ஏறுவதற்கு முன் துணை மின்நிலையத்திலிருந்து லைன் கிளியர் வாங்க வேண்டும். 'சப்ளையை நிறுத்திவிட்டோம், இனி நீ கை வைக்கலாம்' என்ற அனுமதி அது. அதை வாங்காமல் ஏறிய இரண்டு பேரை நான் கயிறு கட்டி இறக்கியிருக்கிறேன். அந்தக் கதை இங்கே வேண்டாம். 11,000 வோல்ட் லைனில் நடுங்காத என் கை, அவளுடைய கையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன சென்சாரை வைக்கும்போது நடுநடுங்கியது. அதைக் கேலி செய்யத்தான் இந்தக் கேள்வி.

அவளுக்கு 64 வயது. சர்க்கரை வந்து 23 வருஷம். மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இன்சுலினுக்கு மாறியது. காலையும் இரவும் ஊசி. அவளே போட்டுக்கொள்வாள். அதில் எனக்கு வேலையே இல்லை. மாதம் ஒருமுறை லேபில் ரத்தம் கொடுப்பாள். ரிப்போர்ட்டை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பேன். 'பரவாயில்லை' என்பேன். அத்தோடு சரி. போன கார்த்திகை மாதத்துக்கு முந்தின கார்த்திகை வரை அப்படித்தான் போனது.

அன்றைக்கு உறவுக்காரர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். வழக்கமான நேரத்துக்கு இரவு ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டாள். பிறகு எல்லோருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்து, பேசிச் சிரித்து, வழியனுப்பிவிட்டு, பசியில்லை என்று ஒரே ஒரு தோசையோடு படுத்துவிட்டாள். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடும் வழக்கம் இன்சுலினுக்குத் தெரியாது.

ராத்திரி இரண்டே முக்கால் இருக்கும். ஏதோ முனகல் கேட்டு விழித்தேன். தொட்டுப் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. நைட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. கார்த்திகைக் குளிரில் அப்படியொரு வியர்வை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், என்னைத் தெரியவில்லை. வாய் குழறுகிறது. பக்கவாதம் என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அம்மா ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் நினைத்ததுதான் சரி. ஆனால் பதற்றத்தில் டம்ளர் கை தவறிக் கொட்டிவிட்டது. கொட்டியதே நல்லது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாதாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். இது தெரியாமல் 68 வயது வரை வாழ்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். 38. அது மணி காட்டும் எண் மாதிரி எனக்கு ஒன்றும் புரியவில்லை. நர்ஸ் பெண் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கண்ணைத் திறந்தாள். சுற்றிப் பார்த்தாள். என்னைப் பார்த்து முதலில் கேட்டது:

"கேஸை அணைச்சீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் சிரித்துவிட்டார்.

தஞ்சாவூரில் சர்க்கரை டாக்டரிடம் போனபோது அவர் கேட்டார்: "சர்க்கரை இறங்கும்போது முன்னாடியெல்லாம் கை நடுக்கம், படபடப்பு, பசி வருமே, இப்போ வருதாம்மா?" இவள் யோசித்துவிட்டு, "இல்லீங்க, அதெல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சு. நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். டாக்டர் தலையாட்டினார். அதுதான் சிக்கலே என்றார். பல வருஷம் இன்சுலின் எடுத்து, அடிக்கடி சர்க்கரை இறங்கிப் பழகிய உடம்பு, எச்சரிக்கை செய்வதையே நிறுத்திவிடுமாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஃபியூஸ் போகாத லைன். ஃபியூஸ் போனால்தான் நல்லது. போகாவிட்டால் கம்பியே எரியும்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு சென்சார் வந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மூன்று நாணயங்களை அடுக்கிய கனம். அடியில் தலைமுடி போல ஓர் இழை, அரை சென்டிமீட்டர் நீளம். அந்த இழை தோலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்தில் இல்லை, செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் நீரில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் அந்த நீருக்குத் தெரிய ஐந்து, பத்து நிமிஷம் ஆகும். அதனால் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியையும் பார்க்க வேண்டும். 90 என்று இருந்து அம்பு கீழே பார்த்தால், அது 90 இல்லை, இறங்கிக்கொண்டிருக்கும் 90.

என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். அந்தக் காலத்தில் அவர் ஒரு சோதனைக் குழாயில் நீல நிற பெனடிக்ட் திரவத்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே இருந்தால் நல்ல பிள்ளை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டோம். அதுகூட சில மணி நேரத்துக்கு முந்தைய கதையைத்தான் சொல்லும். இறங்கிப் போனதைச் சொல்லவே சொல்லாது. அவர் இரண்டு தடவை தெருவில் விழுந்திருக்கிறார். வெயில் என்று நினைத்தோம்.

முதல் சென்சாரை டாக்டரின் அறையிலேயே நர்ஸ் வைத்துவிட்டார். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். "வலிக்குதாம்மா?" "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லே." அவ்வளவுதான். அடுத்ததை நான் வைக்க வேண்டும். கையின் பின்பக்கம் அவளுக்கு எட்டாது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அந்த இரண்டாவது சென்சாரின் கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை. காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். சீயக்காய் போட்டுத்தான் குளித்தாள். ஆனாலும் தோலில் எண்ணெய்ப் பசை இருக்கத்தானே செய்யும். நான் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். காய்வதற்குப் பொறுமையில்லாமல் வாயால் ஊதினேன். நல்ல நேரம் முடிவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று அவள் வேறு அவசரப்படுத்தினாள். 'டக்.' ஒட்டிக்கொண்டது. மூன்றாவது நாள் ரவிக்கையைக் கழற்றும்போது கைவிளிம்பில் மாட்டி, இழையோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்துவிட்டது. ஐயாயிரம் ரூபாய்க்குச் சில நூறுகள் குறைவான பொருள். ஓய்வூதியக்காரன் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த வட்டத்தை ஒரு செத்த வண்ணத்துப்பூச்சியைப் போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்சாரோடு வந்த வழிகாட்டித் தாளில் நீச்சலைப் பற்றி இருந்தது. விமானப் பயணத்தைப் பற்றி இருந்தது. எண்ணெய்க் குளியலைப் பற்றியும் ரவிக்கையைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அதை நாங்களேதான் கண்டுபிடித்தோம்.

எண்ணெய்க் குளியல் இப்போது பழைய சென்சார் முடிவதற்கு முந்தின நாள் மட்டும். எண்ணெய் ஊறினால் பசை இளகி, கழற்றும்போது தோலை இழுக்காது. மறுநாள் காலை இரண்டு தோளிலிருந்தும் முழங்கை வரை வெறும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் தலைக்கு மட்டும் எண்ணெய். ரவிக்கைகளை எங்கள் தெரு தையல்காரரிடம் கொடுத்து, கை விளிம்பை முழங்கைக்குச் சற்று மேலே வரை நீட்டி, கொஞ்சம் தளர்வாக வைத்துத் தைக்கச் சொன்னாள். "என்னம்மா, பழைய சினிமா மாதிரி கேக்கறீங்க?" என்றார் அவர். இவள் கையைத் திருப்பிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார். இப்போது எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேருக்கு 'சென்சார் ரவிக்கை' தைக்கிறார். பெயரும் அவர் வைத்ததுதான்.

நான் என் பங்குக்கு மின்வாரியப் புத்தியைக் கொண்டுவந்தேன். ஒரு அட்டையில் வரிசையாக எழுதி பீரோ கதவில் ஒட்டியிருக்கிறேன். முதலில் என் கையைக் கழுவ வேண்டும். பெட்டியின் மேல் காலாவதி தேதி பார்க்க வேண்டும். இடம் பார்க்க வேண்டும்: கையின் பின்பக்கம், சதைப்பிடிப்பான இடம், மச்சம் தழும்பு இல்லாத இடம், போன தடவை வைத்த கை இல்லை, இன்சுலின் ஊசி போடும் இடத்துக்குப் பக்கத்திலும் இல்லை. ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு தானாகக் காய விட வேண்டும். 'ஊதாதே' என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். பிறகு குப்பியை மேசை மேல் இருக்கும் பெட்டிப் பகுதியோடு கோடுக்குக் கோடு பொருத்தி ஒரே அழுத்து. சென்சார் குப்பிக்குள் ஏறிக்கொள்ளும். எடுத்த பிறகு மறுபடி அதைப் பெட்டிக்குள் அழுத்தக் கூடாது. உள்ளே ஊசி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவரை அவள் பேசிக்கொண்டிருக்கலாம். அதற்குப் பிறகு பேசினால் எனக்குக் கை ஆடும்.

கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி, நேராக வைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துவேன். உடனே எடுக்க மாட்டேன். மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். மெல்ல எடுத்தால் ஊசி குப்பியோடு வந்துவிடும், இழை மட்டும் தோலுக்குள் தங்கிவிடும். ஓரங்களை விரலால் சுற்றி நீவிவிடுவேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பதற வேண்டியதில்லை, பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் நின்றுவிடும். நிற்காமல் கசிந்தால் கழற்றிவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். இதுவரை அப்படி ஆகவில்லை.

ஊசியோடு இருக்கும் அந்தக் காலிக் குப்பியைக் குப்பையில் போடுவதில்லை. கனமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்துவைத்து, தஞ்சாவூர் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவேன். காலையில் விசில் ஊதிக்கொண்டு வண்டி தள்ளிவரும் பெண்ணுக்குக் கையுறைகூட ஒழுங்காகக் கிடையாது. அடுத்தவன் விட்ட தவறால் கம்பத்தில் அடிபடுவது எப்படி என்று பார்த்தவன் நான்.

பதினைந்து நாள் என்பது அவளுக்குப் பிடித்துப்போனது. "வளர்பிறைக் கை, தேய்பிறைக் கை" என்று பெயர் வைத்தாள். தொடக்கத்தில் அமாவாசையை ஒட்டி இடது கை, பௌர்ணமியை ஒட்டி வலது கை. ஆனால் சந்திரன் பதினைந்து நாளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே முடித்துவிடுவதால் கணக்கு மெல்ல மெல்ல நழுவி, இப்போது சதுர்த்தியில் வந்து நிற்கிறது. "உங்க சென்சாருக்குப் பஞ்சாங்கம் தெரியல" என்பாள்.

முதல் மாதத்திலேயே அந்த வரைபடம் எங்களுக்குப் பல பாடம் எடுத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு அவளுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் 60க்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கார்த்திகை ராத்திரி ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. தெரியாமல் எத்தனை ராத்திரி கடந்ததோ! டாக்டர் இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். நல்லது என்று நம்பி தினமும் காலையில் குடித்துக்கொண்டிருந்த கேழ்வரகுக் கூழ் அவளுக்கு 250க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. இவள் உடம்பு அப்படி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் ஒரு கரையை மட்டும் நடந்துவிட்டு வந்தால் கோடு அடங்கி உட்காரும். மன்னார்குடிக்காரர்களுக்குத் தெரியும், அந்தக் குளத்துக்கு ஒரு கரை நடந்தாலே அது நல்ல நடை.

இவ்வளவும் நல்லதுதான். இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி.

எண் கையில் கிடைத்ததும் நான் மாறிப்போனேன். காலையில் எழுந்ததும் ஃபோனைப் பார்ப்பேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தால் ஃபோனைப் பார்ப்பேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் "எப்படி இருந்துச்சு தரிசனம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், "எவ்வளவு காட்டுது?" என்று கேட்க ஆரம்பித்தேன். பெரியவன் டெக்சாஸில் இருக்கிறான். அவன் ஃபோனிலும் அந்த எண் தெரிகிற மாதிரி பண்ணிக்கொண்டான். சென்சாருக்குப் பாதிப் பணம் அவன்தான் அனுப்புகிறான், அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் கோயம்புத்தூரிலிருந்து பார்த்தாள். ஒரு பெண்மணியின் சர்க்கரையை மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் அலறியது. 58. நான் துள்ளி எழுந்து, விளக்கைப் போட்டு, அவளை உலுக்கி, குளுக்கோஸ் பொடியைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். அதற்குள் டெக்சாஸிலிருந்து அழைப்பு. அங்கே மதியம் மூன்றரை. "அப்பா, அம்மா முழிச்சிட்டாங்களா? குடிச்சிட்டாங்களா?" அவள் தூக்கக் கலக்கத்தில் பாதி டம்ளரைக் குடித்தாள். பிறகு எனக்கு அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சந்தேகம். வியர்வை இல்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது, அதிலும் என்னைத் திட்டுவது ரொம்பத் தெளிவாக இருக்கிறது. பழைய கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தால் 131. குளுக்கோஸ் குடித்து ஒரு நிமிஷத்தில் அவ்வளவு ஏறாது.

நடந்தது என்னவென்றால், அவள் சென்சார் இருக்கும் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உடம்பின் பாரம் அழுத்தினால் அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து, சென்சார் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். புரண்டு படுத்தால் தானாகச் சரியாகிவிடும். அது எங்களுக்கு அப்போது தெரியாது. எண்ணுக்கும் உடம்புக்கும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும், புது சென்சார் வைத்த முதல் நாளில் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் குத்திப் பார்க்க நேரமில்லாமல் உடம்பே ஆடினால், முதலில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. அதற்கான பொட்டலம் அவள் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிறது.

அந்த மாதம் தீபாவளி. அதிரசம் சுட்டாள். அன்று மத்தியானம் மூன்று மணி நேரம் ஃபோனில் எண்ணே வரவில்லை. 'சிக்னல் இல்லை' என்று காட்டியது. வீடு முழுக்கத் தேடினேன். ஃபோனைப் பூஜை அறையில் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, கொல்லையில் துணி உலர்த்தும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஃபோன் தள்ளி இருந்தால் எண் போகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாவம், மீதியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சென்சாருக்குள் எட்டு மணி நேரத்துக்கான ஞாபகம் இருக்கிறது. ஃபோன் பக்கத்தில் வந்ததும் விட்ட கோட்டை முழுவதும் தானே போட்டுக் காட்டிவிட்டது. மலை மாதிரி ஒரு கோடு. 271.

டெக்சாஸ் பேசியது. கோயம்புத்தூர் பேசியது. நானும் பேசினேன்.

அவள் எல்லோரையும் பேசவிட்டுவிட்டு, ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்கு நான் மீட்டர் ஆயிட்டேன். வர்றீங்க, ரீடிங் எடுக்கறீங்க, போறீங்க."

மின்வாரியத்தில் இருந்தவனுக்கு இதைவிட உறைக்கிற மாதிரி ஒருத்தி சொல்ல முடியாது. எத்தனை வீட்டு வாசலில் பார்த்திருக்கிறேன்! ரீடிங் எடுக்க வருபவர் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேராக மீட்டர் பெட்டி, எண், அட்டையில் குறிப்பு, அடுத்த வீடு. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது. என் வேலை அதுவா?

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் பிள்ளைகளிடம் பேசினேன். சர்க்கரை இறங்கினால் மட்டும் எல்லோருக்கும் மணி அடிக்கட்டும். ஏறினால் அடிக்க வேண்டாம், அதை டாக்டர் மாதக் கணக்கில் பார்த்துக்கொள்வார். டாக்டரிடம் கேட்டேன், அவரும் சரி என்றார். 70க்கும் 180க்கும் நடுவில் பெரும்பாலான நேரம் இருந்தால் போதும், ஒரு அதிரசத்துக்கு யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை என்று இவளைப் பார்த்துச் சிரித்தார். பெரியவனுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருப்பவனுக்கு அந்த எண்தான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி. அதுவும் எனக்குப் புரிகிறது. "எண்ணைப் பார்த்துக் கூப்பிடாதே, சும்மா கூப்பிடு" என்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை சும்மா கூப்பிடுகிறான். பத்து நிமிஷத்தில் ஒருமுறையாவது வாய் தவறி "எவ்வளவு..." என்று ஆரம்பித்து விழுங்கிவிடுகிறான்.

ஆடி மாதத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் சிதம்பரத்தில் தவறிப்போனார். காரியம் முடியும்வரை நான் அங்கே இருக்க வேண்டியதாயிற்று. சென்சார் முடியும் நாள் நடுவில் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்கொள், இல்லாவிட்டால் நான் ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறேன் என்று மூன்று தடவை ஃபோன் செய்தேன். "நீங்க அங்க இருந்து காரியத்தைப் பாருங்க" என்றாள். மத்தியானம் ஒரு ஃபோட்டோ வந்தது. அவளுடைய வலது கையின் பின்பக்கத்தில் சென்சார் அழகாக, நேராக உட்கார்ந்திருந்தது. நான் வைத்தால் எப்போதும் லேசாகச் சாய்ந்திருக்கும். பீரோ கண்ணாடி முன்னால் நின்று, வலது கையைக் குறுக்கே மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் தானே வைத்துக்கொண்டுவிட்டாள். எட்டாது என்று எட்டு மாதமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இடம்.

நிம்மதியாக இருந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளுக்கு யார் வைப்பார்கள் என்று ராத்திரியில் நினைத்துப் பயந்ததுண்டு, அந்தப் பயம் போனது. கூடவே, ஏன் மறைக்க வேண்டும், கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு இருந்த மாதிரி.

ஊருக்குத் திரும்பி, அடுத்த தடவை நாள் வந்தது. பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "நீயே வச்சுக்கறியா?" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து ரவிக்கைக் கையைச் சுருட்டினாள்.

"லைன் கிளியர் வாங்கியாச்சா?"

புது சென்சார் வைத்ததும் ஃபோனைப் பக்கத்தில் காட்டித் துவக்க வேண்டும். துவக்கியதும் 60 நிமிஷம் எண் எதுவும் வராது. உள்ளே போன இழை உடம்போடு பழக அந்த நேரம் வேண்டும். ஃபோனில் நிமிஷம் மட்டும் குறைந்துகொண்டே வரும். முதலில் எல்லாம் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கார்த்திகை ராத்திரி ஞாபகம் வரும். அந்த நேரத்தில் இறங்கிவிட்டால் எப்படித் தெரியும்? விரலில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, அவள் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். வேறு வழியில்லை, முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நெற்றியில் வியர்வை பூக்கிறதா, பேச்சில் தடுமாற்றம் இருக்கிறதா, டம்ளர் பிடித்திருக்கும் விரல் நடுங்குகிறதா.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மற்றதும் கண்ணில் படுகிறது. இடது புருவத்தில் ஒரே ஒரு வெள்ளை முடி. எப்போது வந்தது என்று தெரியவில்லை. கதை சொல்லும்போது வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களை எண்ணிக்கொண்டே சொல்கிறாள். கல்யாணமான புதிதில் பார்த்த பழக்கம். இன்னும் இருக்கிறது.

போன வாரம் அப்படித்தான். முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். ஃபோன் உள்ளே மேசை மேல் கிடந்தது. அவளுடைய சின்ன வயதில், நீடாமங்கலத்தில், அவள் அப்பா மாட்டுவண்டியில் திருவிழாவுக்குக் கூட்டிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பலமுறை கேட்ட கதைதான். ஆனால் வண்டியில் ஒரு கிளிக்கூண்டு இருந்தது என்பதை இந்தத் தடவைதான் சொன்னாள். கிளி என்ன ஆயிற்று என்று கேட்டேன். வாயைத் திறந்தவள் சட்டென்று நிறுத்தி, மூக்கைச் சுளித்தாள்.

"கேஸை அணைச்சீங்களா?"

ஓடினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, பாத்திரத்தின் அடி கருகிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஃபோன் 'டிங்' என்றது. ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அடுப்பைத் துடைத்து முடித்துவிட்டு, முற்றத்துக்கே திரும்பிப் போனேன்.

"சொல்லு, கிளி என்ன ஆச்சு?"